ஒரு பாட்டுக்கு ஒரு மக்ரூன்

எங்கள் எதிர்வீட்டு அத்தை சினிமாவை மக்ரூனால் அளப்பாள். தியேட்டருக்குக் கிளம்பும்போது பேக்கரியில் அந்த முந்திரி இனிப்பைக் கால் கிலோ வாங்கி மடியில் வைத்துக்கொள்வாள். படத்தில் ஒரு பாட்டு வந்தால் ஒரு மக்ரூன். பாட்டு தொடங்கும்போது வாயில் போட்டால் முடியும்போது கரைந்திருக்க வேண்டும், கடிக்கக் கூடாது. வெளியே வந்ததும் பாக்கெட்டைத் தூக்கிப் பார்த்து, "ஏழு மக்ரூன் படம்ளா, சுமார்தான்" என்றோ, "பதினொண்ணு! இவன்லா மனுஷன்" என்றோ தீர்ப்புச் சொல்வாள். பாட்டே இல்லாத படம் ஒன்றுக்கு நான் தெரியாத்தனமாக அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். அன்றைக்கு முழுப் பாக்கெட்டும் பிரிக்காமல் வீடு திரும்பியது. ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

நானோ வெட்டிப் பிழைக்கிறவள். தூத்துக்குடியில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோவில் எடிட்டராக இருந்தேன். நிச்சயதார்த்தம், முகூர்த்தம், பந்தி, ரிசப்ஷன் எல்லாம் சேர்ந்து ஒன்பது மணி நேரம் வரும். அதை ஒரு நிமிஷ ரீலாக்கிக் கொடுத்தால்தான் மாப்பிள்ளைக்குத் திருப்தி. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தால் எனக்குக் கால் மரத்துப்போகும், எரிச்சல் வரும். இப்படிப்பட்டவளைத்தான் அத்தை சினிமாத் துணையாகப் பிடித்து வைத்திருந்தாள். மாமாவைக் கூட்டிப்போவதில் பயனில்லை. அவர் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். பகலெல்லாம் டீசல் இரைச்சலில் நிற்கிறவருக்கு ஏசிக் காற்றுப் பட்டால் போதும், பத்தாவது நிமிஷம் தூங்கிவிடுவார்.

அத்தை படத்தைத் தேர்ந்தெடுப்பது ஹீரோவைப் பார்த்து அல்ல. "போன்ல பாத்துச் சொல்லுளா, எவ்வளவு நேரம்?" என்பாள். இரண்டு மணி பத்து நிமிஷம் என்று சொன்னால் உதட்டைப் பிதுக்குவாள். "அது என்ன படம்? வேம்பாருக்கு பஸ்ல போற நேரம்." மூன்று மணிக்குக் கிட்டத்தட்ட இருந்தால் முகம் மலர்ந்துவிடும். ஃபிளாஸ்கில் டீ, முதுகுக்கு ஒரு சின்னத் தலையணை, எனக்கு ஒரு போர்வை எல்லாம் தயாராகும். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது எல்லாரும் எழுந்து போவார்கள். அத்தை கடைசிப் பெயர் வரை உட்கார்ந்திருப்பாள். பெருக்குகிற பெண் வந்து காலைத் தூக்கச் சொன்னால் தூக்கிக்கொள்வாளே தவிர எழுந்திருக்க மாட்டாள். கடைசியில் விளக்கெல்லாம் போட்ட பிறகு பெருமூச்சு விட்டு, "அதுக்குள்ள முடிச்சிட்டானே" என்பாள். மூன்று மணி நேரப் படமானாலும் அதே சொல்தான்.

"இன்னும் என்னத்த அத்தை எடுக்கணும் அவன்? வில்லன் செத்தாச்சு, கல்யாணம் முடிஞ்சாச்சு" என்று நான் சிடுசிடுப்பேன்.

"ஏளா, வீட்டுக்கு வந்த ஆளு வாசல்ல நின்னே சோலிய முடிச்சிட்டுப் போனா உனக்கு நல்லாருக்குமா? வந்தா உக்காரணும், டீ குடிக்கணும், நாலு ஊர்க்கதை பேசணும்லா?" என்பாள். அவளுக்குச் சினிமா என்பது விருந்தாளி. சீக்கிரம் போகிற விருந்தாளியை அவளுக்குப் பிடிக்காது.

வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டு பிளவுஸ் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் அந்த மிஷினைக் காட்டிக் கிண்டல் செய்வேன்: "நீங்களும் நாள் முழுக்க வெட்டத்தான செய்யுதீங்க?" அவள் கத்தரிக்கோலை என் பக்கம் நீட்டுவாள். "துணிய வெட்டுனா தச்சிரலாம்ளா. பாட்ட வெட்டுனா எங்கன கொண்டு தைக்க?"

இது வெறும் பேச்சு இல்லை. ஒரு படத்தை முதல் வாரம் பார்த்தோம், பிடித்துப்போய் இரண்டாவது வாரமும் போனோம். இடையில் படத்தின் நீளத்தைக் குறைத்து ஒரு பாட்டைத் தூக்கியிருந்தார்கள். அத்தை நேராக மேனேஜர் அறைக்குப் போனாள். "மூணாவது பாட்டு எங்க தம்பி?" என்றாள். "கம்பெனியிலயே கொறச்சு அனுப்பிட்டாங்கக்கா, நாங்க என்ன செய்ய?" என்றார் அவர். அத்தை சண்டை போடவில்லை. அவர் மேஜைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தப் பாட்டை பல்லவி, இரண்டு சரணம், நடுவில் வரும் வயலின் உட்பட முழுசாகப் பாடினாள். பாடி முடித்துவிட்டு, "இப்பம் சரியாப் போச்சு" என்று எழுந்தாள். மேனேஜர் எழுந்து நின்று கும்பிட்டார். அன்றிலிருந்து எங்களுக்கு நடுவரிசையில் நடு இருக்கை எப்போதும் கிடைக்கும்.

மேடையில் பாடி நடித்த நாடகத்தைப் படமாக்கிய வெளிநாட்டுப் படம் ஒன்றை ஒருநாள் என் லேப்டாப்பில் அவளுக்குப் போட்டுக் காட்டினேன். அதில் யாரும் பேசுவதில்லை, கடன் கேட்பது முதல் காதலைச் சொல்வது வரை எல்லாம் பாட்டுத்தான். இங்கிலீஷ் ஒரு வரி புரியாத அத்தை இரண்டே முக்கால் மணி நேரம் அசையவில்லை. மக்ரூன் தீர்ந்துபோய் அவலை மென்றாள். "இது வாசாப்புளா!" என்று பாதியில் கத்தினாள். "நல்லாப் பாரு, ரெண்டு எட்டு முன்னால வந்து நின்னு, நெஞ்ச நிமித்திப் பாடுதான். இவன் மேடையில நின்னு பழகுனவன்."

"ஒரு வார்த்தையில சொல்ல வேண்டியத எதுக்கு அத்தை அஞ்சு நிமிஷம் பாடணும்?" என்றேன்.

"பேசும்போது மனுஷன் லேசாப் பொய் சொல்லிருவான். பாடும்போது மூச்சு காட்டிக் குடுத்துரும்" என்றாள். இவ்வளவு தெரிந்தவள்தான் ஆறு வருஷம் தன் வீட்டு மூச்சைக் கவனிக்கவில்லை. அந்தக் கதைக்குத்தான் வருகிறேன்.

வாசாப்பு என்றால் கடற்கரைக் கத்தோலிக்க ஊர்களில் திருவிழாவுக்குப் போடுகிற பாட்டு நாடகம். அத்தையின் ஊர் வேம்பார்ப் பக்கம். அங்கே போடுவது ஒரு ராஜா கதை. கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிய மகளை ராஜா கப்பலேற்றித் தூர தேசத்துக்கு அனுப்புகிறான். அறுபத்துநாலு பாட்டு, இரண்டு நாள் மாலையில் நடக்கும். மாமாதான் ராஜா. இன்ஜினுக்கு அடியில் படுத்துக் கிடக்கிற மனிதர், ஜிகினா உடுப்பும் கிரீடமும் போட்டு வந்து நின்றால் ஆளே வேறு.

அத்தைக்கு மேடையில் வேஷம் கிடையாது. அவள் அடியெடுத்துக் கொடுப்பவள். இடது பக்கத் திரைக்குப் பின்னால் முக்காலி போட்டு, மடியில் பாட்டு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியின் முதல் அடியையும் மெல்லிய குரலில் ராகத்தோடு எடுத்துக் கொடுப்பாள். நடிக்கிறவர்கள் அதைக் காதில் வாங்கிக்கொண்டு பாடுவார்கள். பல வருஷத்துக்கு முன்னால், அடியெடுத்துக் கொடுக்க வேண்டியவருக்குக் காய்ச்சல் என்று ஒருநாள் உட்கார்ந்தவள், பிறகு அந்த முக்காலியை விட்டு எழவே இல்லை. நோட்டு ஒரு மரியாதைக்குத்தான். அறுபத்துநாலும் அவளுக்கு மனப்பாடம்.

அதனால் ஒரு வினோதம் நடந்தது. அத்தனை பாட்டும் தெரிந்த அத்தை, மாமா ராஜாவான பிறகு அந்த நாடகத்தை ஒருமுறைகூட முன்னாலிருந்து பார்த்ததில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் நடிகர்களின் முதுகும் இடது காதும்தான். "மந்திரி காது சுருங்குனா அடுத்த வரி மறந்துட்டான்னு அர்த்தம். சேனாபதி காது எப்பமும் செவப்பு, அவன் கள்ளன், பாதிப் பாட்ட முழுங்கிருவான்" என்று காதை வைத்தே ஆளைச் சொல்வாள். ராஜாவின் காதைப் பற்றி அவளுக்கு ஒரு தீராத குறை இருந்தது. மகளைக் கப்பலேற்றி வழியனுப்பும் பாட்டில், மூன்றாவது சரணத்துக்கு முன்னால், மாமா வருஷம் தவறாமல் வரியை மறந்துவிடுவார்.

"ஒரு வருஷமா ரெண்டு வருஷமா? ஆறு வருஷம்! அதே பாட்டு, அதே இடம். நான் எடுத்துக் குடுக்கேன், குடுக்கேன், மனுஷன் கல்லு மாதிரி நிக்காரு" என்று புலம்புவாள். வைத்தியமும் செய்தாள். திருவிழாவுக்கு நாற்பது நாள் முன்னாலிருந்து மாமாவுக்குத் தினமும் காலையில் வல்லாரைத் துவையல். ஞாபகசக்திக்கு நல்லதாம். மாமா ஒரு வார்த்தை பேசாமல் அதை இட்லிக்குத் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு ஹார்பருக்குப் போவார்.

ஒரு வருஷம் விழாக் கமிட்டியார் வாசாப்பைப் படமாக எடுக்க முடிவு செய்தார்கள். ஊர் ஆண்களில் பாதிப் பேர் கப்பலில் இருக்கிறார்கள், திருவிழாவுக்கு வர முடிவதில்லை, அவர்களுக்கு அனுப்பலாம் என்று யோசனை. முதலில் தூத்துக்குடியில் நாங்கள் வழக்கமாகப் போகிற அந்தத் தியேட்டரைக் காலையில் வாடகைக்குப் பிடித்து ஊர்க்காரர்களுக்குப் போட்டுக் காட்டுவது, பிறகு அனுப்புவது. வேலை எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்தது. பகல் வெளிச்சத்தில் ஊர்ப் பள்ளிக்கூட மேடையில் இரண்டு நாள் எடுத்தோம்.

முதல் நாள் ஷூட்டிங் முடிந்து வேனில் திரும்பும்போது அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். உப்பளம் வந்ததும் சொன்னாள்: "ஏளா, எனக்கு ஒரே ஒரு ஆசை. இத முன்னால உக்காந்து முழுசாப் பாக்கணும். ஒரு பாட்டு கொறையாம. கிரீடத்த வச்சா இவரு எப்பிடி இருப்பாருன்னே எனக்குத் தெரியாதுளா."

"அதுக்கென்ன அத்தை, பாத்துருவோம்" என்றேன், பெரிய இவளாட்டம்.

எடிட்டிங்கில் உட்கார்ந்த பிறகுதான் சங்கடம் தெரிந்தது. மொத்தம் ஐந்து மணி பத்து நிமிஷம் வந்தது. தியேட்டர்காரர்கள் கொடுத்த நேரமோ இரண்டரை மணி, ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டு வரை. அதற்கு மேல் அவர்களுக்கு மதியக் காட்சி இருக்கிறது. கமிட்டித் தலைவர் போனில், "பாதியா வெட்டிரும்மா, இந்தக் காலத்துல எவன் அஞ்சு மணி நேரம் உக்காருவான்?" என்றார். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது.

இன்னொன்றும் இருந்தது. நடிகர்களின் சட்டைக்குள் வைத்திருந்த மைக் எல்லாவற்றிலும் அத்தையின் குரல் பதிந்திருந்தது. ராஜா பாடுவதற்கு அரை வினாடி முன்னால் அத்தை, மந்திரி பாடுவதற்கு முன்னால் அத்தை, குழந்தைத் தேவதூதர்களுக்கு முன்னாலும் அத்தை. நானும் ஒரு வாரம் பாடுபட்டு, இரண்டரை மணிப் பதிப்பில் அவள் குரலை முக்கால்வாசி துடைத்தெடுத்தேன். முழுப் பதிப்பில் துடைக்க எனக்குப் பொறுமை இல்லை, அதை அப்படியே லேப்டாப்பில் வைத்திருந்தேன்.

கப்பல் பாட்டை மட்டும் வெட்டாமல் கடைசி வரை வைத்திருந்தேன். முன்னால் வைத்த கேமரா மாமாவின் முகத்தை நெருங்கி எடுத்திருந்தது. மூன்றாவது சரணத்துக்கு முன்னால் அவர் நிற்கிறார். வரி மறந்த முகம் இல்லை அது. உதடு அந்த வரிக்காகக் குவிந்திருக்கிறது, குரல்தான் வரவில்லை. கண்ணில் நீர் முட்டி, மை கரைந்து, ஒட்டுத்தாடிக்குள் இறங்குகிறது. அவர்களுடைய ஒரே மகள் குவைத்துக்கு நர்ஸ் வேலைக்குப் போனதும் ஆறு வருஷத்துக்கு முன்னால்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மானிட்டர் முன்னால் உட்கார்ந்து நானும் அழுதேன்.

மறுநாள் மாமா ஸ்டுடியோவுக்கு வந்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் அங்கே வந்ததில்லை. கை முழுக்க கிரீஸ். நாற்காலியில் கறை படும் என்று நின்றுகொண்டே இருந்தார்.

"அந்தக் கப்பல் பாட்ட எடுத்திரும்மா."

"ஏன் மாமா? அதுதான இருக்கிறதுலயே நல்ல பாட்டு?"

"உங்க அத்தை நான் மறந்துட்டேன்னே நெனச்சிட்டு இருக்கா. அப்பிடியே இருக்கட்டும். தெரிஞ்சா அவளும் அழ ஆரம்பிச்சிருவா. அன்னைக்கே போனப் போட்டு, அப்பா ஏங்கிப் போனாரு, வேலைய விட்டுட்டு வான்னு மகளுக்குச் சொல்லிருவா. பிள்ள அங்கன நல்லா இருக்கும்மா. அது கெட்டுறக் கூடாது."

ஒரு பாட்டு குறையாமல் காட்டுகிறேன் என்று அத்தையிடம் சொல்லியிருந்தேன். மாமாவிடம் சரி என்று தலையாட்டினேன். இரண்டரை மணிக்குள் அடக்க வேண்டும் என்று காரணமும் கையில் இருந்தது. கப்பல் பாட்டை முழுசாகத் தூக்கினேன். மகள் கடற்கரைக்கு வருகிறாள், அடுத்த காட்சியில் கப்பல் நடுக்கடலில். வெட்டு தெரியாமல் சுத்தமாக ஒட்டியிருந்தேன் என்று எனக்குப் பெருமை வேறு.

படம் போடுகிற அன்று தியேட்டர் நிரம்பிவிட்டது. மீன்குழம்பும் சோறும் கட்டிக்கொண்டு வேனில் வந்திருந்தார்கள். நடு இருக்கையில் அத்தை, பக்கத்தில் மாமா, மடியில் ஒரு கிலோ மக்ரூன். "அறுபத்துநாலு ஆகும்லா? சுகர் ஏறுனா ஏறட்டும்" என்றாள். இரண்டரை மணிதான் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. லேப்டாப்பை மேலே புரொஜக்டர் அறையில் இணைத்துவிட்டுக் கீழே வந்து கதவருகே நின்றுகொண்டேன்.

படம் ஓடத் தொடங்கியதும் அத்தைக்குப் பழக்கதோஷம் வந்துவிட்டது. திரையில் ராஜா வாய் திறக்கும் முன்னால் இவள் அடியெடுத்துக் கொடுக்கிறாள். நான் ஒரு வாரம் உட்கார்ந்து துடைத்தெடுத்த குரல், தியேட்டர் நடுவிலிருந்து நேரடியாக வந்துகொண்டிருந்தது! நடுநடுவே பாட்டுகள் காணாமல்போன இடங்களில் அவள் தடுமாறி, முனகி, அடுத்த பாட்டைப் பிடித்துக்கொண்டாள்.

மகள் கடற்கரைக்கு வந்தாள். அத்தை கப்பல் பாட்டை எடுத்துக் கொடுத்தாள். திரையில் கப்பல் நடுக்கடலுக்குப் போய்விட்டது. அத்தை நிறுத்தவில்லை. நோட்டில் இருக்கிற பாட்டை அவள் வாய்க்குத் தாண்டத் தெரியாது. பாதிக் குரலில் தொடங்கியவள் முழுக் குரலுக்கு வந்தாள். திரையில் வேறு யாரோ ஏதோ பாடிக்கொண்டிருக்க, இவள் தன்னந்தனியாக மகளை வழியனுப்பிக்கொண்டிருந்தாள். இரண்டாவது வரியில் முன்வரிசைப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். சரணம் வரும்போது தியேட்டரே பாடியது.

பிறகு பாட்டு கூச்சலாக மாறியது. "கப்பல் பாட்டு எங்க?" "அந்தப் பாட்டுக்குத்தான நாங்க வந்ததே!" "ராஜா அழுகிறதப் பாக்கத்தான நான் வருஷா வருஷம் முன்னால துண்டப் போட்டு இடம் பிடிக்கேன்!" என்றாள் ஒரு கிழவி.

அத்தை திரும்பினாள். "யாரு அழுகிறா?"

ஊருக்கே தெரிந்திருக்கிறது. ஆறு வருஷமாக முன்னால் உட்கார்ந்த எல்லாருக்கும் தெரியும். பெண்டாட்டிக்குத் தெரியாமல் இருக்குமா என்று யாரும் அவளிடம் அதைப் பேசவே இல்லை. திரைக்குப் பின்னால் இடது காதைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு மட்டும் தெரியவில்லை.

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துக் கையை உயர்த்தி, "முழுசு இருக்குல்லாம்மா? போடு" என்றார்.

மேனேஜர் ஓடி வந்தார். மதியக் காட்சிக்கு எத்தனை டிக்கெட் போயிருக்கிறது என்று அத்தை கேட்டாள். பதினொன்று என்றார். "அந்தப் பதினோரு பேரையும் பக்கத்துல இருக்க சின்னத் தியேட்டருக்கு மாத்துங்க தம்பி. ஆளுக்கு ரெண்டு மக்ரூன் குடுத்துரலாம்." அவர் பழைய பாட்டுக் கச்சேரியை மறந்திருக்க மாட்டார், உடனே ஆளை அனுப்பினார். நான் மேலே ஓடி முழுப் பதிப்பைப் போட்டேன். "மொதல்லேர்ந்து போடுளா!" என்று கீழேயிருந்து கத்தினார்கள். முதலிலிருந்தே போட்டுவிட்டு இறங்கி வந்து அத்தைக்கு மறுபக்கத்தில் உட்கார்ந்தேன்.

முதல் பாட்டிலேயே ஸ்பீக்கரிலிருந்து அத்தையின் குரல் அடியெடுத்துக் கொடுத்தது. அத்தை திடுக்கிட்டு என் கையைப் பிடித்தாள். "அது யாருளா?"

"நீங்கதான் அத்தை."

"இவ்வளவு சத்தமாவா கத்துதேன்?" என்றாள். அப்புறம் வாயை மூடினாள். அடியெடுத்துக் கொடுக்கத்தான் வேறொரு அத்தை இருக்கிறாளே! தலையணையை முதுகுக்கு வைத்துச் சாய்ந்துகொண்டாள். ஒரு மக்ரூனை வாயில் போட்டுக்கொண்டு, மந்திரியின் மூக்கையும் சேனாபதியின் மீசையையும் முதல்தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். உண்மையில் முதல்தடவைதான். கிரீடத்தோடு மாமா வந்ததும், "ஏ அப்பா" என்று பக்கத்திலிருந்த மாமாவின் முழங்கையில் இடித்தாள். நான் அன்றைக்குத்தான் சினிமாவில் கால் மரத்துப்போகாமல் உட்கார்ந்திருந்தேன்.

கப்பல் பாட்டு வந்தது. இரண்டு சரணம் முடிந்தது. மாமாவின் முகம் திரை நிறைய நின்றது. ஸ்பீக்கரில் அத்தை மெல்ல வரியை எடுத்துக் கொடுக்கிறாள். மாமா பாடவில்லை. மறுபடியும் கொடுக்கிறாள், கொஞ்சம் அழுத்தி. மாமாவின் கண் நிறைகிறது. மூன்றாவது தடவை வரிக்குப் பதிலாக, பல்லைக் கடித்த குரலில், "சவத்த, பாடித் தொலைங்களேன்!" என்று வருகிறது. தியேட்டர் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. அத்தையும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே திரையைப் பார்த்தவளுக்குச் சிரிப்பு பாதியில் நின்றுபோனது. வாய்க்குக் கொண்டுபோன மக்ரூனைத் திரும்பப் பாக்கெட்டில் வைத்தாள்.

திரையில் மாமா மூன்றாவது சரணத்தைப் பாடி முடித்தார். அத்தை மாமா பக்கம் திரும்பி, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "ஆறு வருஷம் வல்லாரைய மென்னு முழுங்குனீங்களே, ஒரு வார்த்தை வாயத் தொறந்து சொல்லிருக்கலாம்லா?"

"நீ ஏசுனாத்தான் எனக்கு அழுகை நிக்கும். அதுக்கப்புறம்தான பாடவே முடியுது" என்றார் மாமா.

மாமா பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. படம் முடிய மாலை ஆகிவிட்டது. தியேட்டர் வாசலில் நின்றே அத்தை குவைத்துக்குப் போன் போட்டாள். வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்லவில்லை. "உங்க அப்பா உன்ன நெனச்சு வருஷத்துக்கு ஒருக்கா அழுவுதாரு, அதும் ஜிகினா உடுப்ப மாட்டிக்கிட்டு. நீ நல்லாருளா. லீவு கெடச்சா வந்து பாத்துட்டுப் போ, நல்லாத்தான் அழுவுதாரு" என்றாள். அன்றைக்கு "அதுக்குள்ள முடிச்சிட்டானே" என்ற சொல் அவள் வாயில் வரவில்லை. எனக்கு அது பிறகுதான் ஞாபகம் வந்தது.

அடுத்த திருவிழாவுக்கு மகள் ஒரு மாத லீவில் வந்திருந்தாள். அந்த வருஷம் வீட்டில் வல்லாரை வாங்கவில்லை. திரைக்குப் பின்னால் போவதற்கு முன் அத்தை மக்ரூன் பாக்கெட்டை என் கையில் கொடுத்து, "எனக்காக எண்ணிச் சாப்பிடுளா, ஏமாத்தாத" என்றாள். நானும் மகளும் முன்வரிசையில் உட்கார்ந்தோம்.

கப்பல் பாட்டு வந்தது. எதிரே நாலு முழத் தூரத்தில் மகள் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மாமா அவளைப் பார்த்துக்கொண்டே அவளைக் கப்பலேற்றி, மூன்றாவது சரணத்தில் போன வருஷம் போலவே நின்றுவிட்டார். திரைக்குப் பின்னாலிருந்து சத்தம் இல்லை. நான் எட்டிப் பார்த்தேன். அத்தை நோட்டை மூடி மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாமா அழுதார். அவசரமில்லாமல், யாரும் அடியெடுத்துக் கொடுக்காமல், வேண்டிய மட்டும் அழுதார். ஆர்மோனியக்காரர் ஒரே கட்டையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். மகள் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அப்புறம் பெண்கள் பக்கத்திலிருந்து அந்தக் கிழவி தொடங்க, ஊரே ஒரே குரலில் சொன்னது: "சவத்த, பாடித் தொலைங்களேன்!"

மாமா கிரீடம் ஆடச் சிரித்தார். சிரித்துவிட்டுப் பாடினார். திரைக்குப் பின்னால் சிரிப்பை அடக்க முடியாமல் முக்காலி கிறீச்சிட்டது. அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் எனக்கு இரண்டு மக்ரூன் ஆயிற்று.